ரைட்டு சொன்ன நாள்

எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் ‘ரைட்டு’ இல்லாமல் எதுவும் நடக்காது. கண்டக்டர் ரைட்டு என்றால்தான் பஸ் கிளம்பும். அம்மா சண்டையை முடித்துக்கொள்வதும் ‘ரைட்டு வுடு’ என்றுதான். ஏதாவது செய்துவிட்டு அப்பாவிடம் மாட்டினால் அண்ணன், ‘ரைட்டு, இன்னிக்கு சங்குதான்’ என்பான். கணக்கு நோட்டில் டீச்சர் போடும் ரைட் மட்டும்தான் எனக்குப் போக்குக் காட்டியது.

அப்பா கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டினார். பின்னால் நிற்கும் கிளீனர் ரைட்டு ரைட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வண்டி பின்னுக்கு வரும். குரல் நின்றால் வண்டியும் நிற்கும்.

ஓர் ஆடி ஞாயிறு, அம்மன் கோயில் கூழுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் ஆசைப்பட்டு, லோடு வண்டியைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கிளீனருக்குக் காய்ச்சல், வரவில்லை. அப்பா இரண்டாவது சொம்புக் கூழைக் குடித்துக்கொண்டிருந்தபோது, வண்டிக்கு முன்னால் கச்சேரி மேடை எழும்பிவிட்டது. இனி பின்னால்தான் போக முடியும். பின்னால் தெருமுனையில் கூழ் அண்டாக்கள்.

“இன்னொருவாட்டி லேட்டானா சாவிய குட்த்துட்டு போய்க்கினே இருன்னு ஓனர் சொல்லிட்டான்” என்றார் அப்பா. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆளாளுக்கு ஒரு யோசனை கத்தினார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார். தெருக்கோடியில் நான் கத்தினால் மூன்றாம் மாடியில் அம்மாவுக்குக் கேட்கும்.

“நீ பின்னாடி நில்லும்மா. மத்தவங்கல்லாம் வாய மூடிக்கினு இருங்கப்பா.”

கிளீனரைப் போலவே கையை ஆட்டி, ரைட்டு ரைட்டு என்று ஆரம்பித்தேன். வண்டி வளைந்து வளைந்து வந்தது. அண்டாவுக்கு ஒரு சாண் இருக்கும்போது, “ஹோல்டான்!” என்று அலறினேன். அப்படியே நின்றது. அப்பா கொஞ்சம் முன்னால் எடுத்து மறுபடி வந்தார். வண்டி மெயின் ரோட்டில் இறங்கியதும் தெருவே விசிலடித்தது. பம்பைக்காரர்கள் எனக்காக ஒரு தட்டுத் தட்டினார்கள். அப்பா நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு ஹார்பருக்குப் பறந்தார். அப்பாவின் வேலை பிழைத்தது. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. “அப்பா கண்ணாடில பாத்து ஓட்னாரு. உன்ன சும்மா நிக்க வெச்சாரு” என்றான். எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது.

இப்போது நான் மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். போன மாதம், வளைந்து நின்ற ஒரு டிரெய்லரின் டிரைவர் சீட்டில் சும்மா ஏறி உட்கார்ந்தேன். ஒரு பக்கக் கண்ணாடி முழுக்கக் கண்டெய்னர். மறுபக்கத்தில் வெறும் ரோடு. வண்டியின் வால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். “அண்ணா, கண்ணாடில ஒண்ணுமே தெரியல!”

“ரைட்டு வுடு” என்றான்.