எனக்கு இல்லாத அக்கா

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் நடந்தது இது. பெங்களூரு ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவிலேயே வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். ஆளுக்கொரு சீட்டு கொடுப்பார்கள். பெயர், செல் நம்பர், வேண்டுதல் எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

என் மகன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். அவன் குடிப்பது வெளியே யாருக்கும் தெரியாது. நான் நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். என் மகன் என்று எழுதக் கை வரவில்லை. 'அக்கா மகன் குடியை விட வேண்டும்' என்று எழுதிப் போட்டுவிட்டேன். எனக்கு அக்காவே கிடையாது. எங்கள் வீட்டில் நான் ஒரே பெண்.

திங்கட்கிழமை மதியம், நான் ஆயாவாக இருக்கும் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு டப்பா திறந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. ஒருவர் என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் சொன்னார். ஜெபத்தில் கர்த்தர் என்னைக் காட்டினாராம். குடியால் என் குடும்பம் விடும் கண்ணீரையும் காட்டினாராம். யாரிடமும் சொல்லாதது இவருக்கு எப்படித் தெரியும்? பெட்டியில் போட்ட சீட்டு அப்போது நினைவுக்கே வரவில்லை.

உபவாச ஜெபத்தில் பெயர் சேர்க்க வேண்டும், போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் படித்துச் சொல்லுங்கள் என்றார். மெசேஜும் வந்தது. நான் கண்ணாடியைத் தேடினேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்க சிஸ்டர். உங்க அக்கா மகன் இந்த வாரமே குடிய விட்டுடுவான். கர்த்தர் எங்கிட்ட சொல்லிட்டார்."

எந்த அக்கா? ஒரு நொடி எனக்கே குழப்பம். கர்த்தருக்கு என் மகனைத் தெரியாதா?

"எனக்கு அக்கா இல்லீங்களே பிரதர்," என்றேன்.

அவர் சட்டென்று போனை வைத்துவிட்டார். மெசேஜை மிஸ் ஒருவரிடம் காட்டினேன். என் சம்பளம் விழும் பேங்க்கிலிருந்து வந்தது, யாருக்கும் சொல்லக் கூடாத நம்பர் என்றார்.

அக்கா என்று நான் எழுதிய சீட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் சீட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம், அதை யார் படித்தார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எல்லாரும் ஜெபிக்கட்டும்னுதாம்மா சீட்டையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன்," என்றார். அந்த குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. அவர் கண் கலங்கியதும் நான் மேலே கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சீட்டில் 'என் மகன்' என்றே எழுதினேன். செல் நம்பர் இடத்தைக் காலியாக விட்டேன். என்னைக் காப்பாற்றிய அந்தப் பொய்க்காகக் கர்த்தரிடம் நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.