வெள்ளை, காவி, வெள்ளை

சுவிட்சர்லாந்தில் மலைப்பாதைகளுக்கு நிறம் உண்டு என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரியாது என்று ஒன்றரை வருடம் சாதித்தேன். சொன்னது நான், சுமந்தது என் மகள். அதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ரிக் வண்டி வைத்திருந்தவன். திருச்செங்கோட்டுப் பக்கம் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், போர்வெல் போடுகிற லாரி. வடக்கே போகாத மாநிலம் இல்லை. வழி தெரியாத காட்டுக்குள் ராத்திரி பகல் பார்க்காமல் வண்டியை ஏற்றி இறக்கியவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. முழங்கால் மடக்க முடியாமல் போனதும் வண்டியை விற்றேன், நினைப்பை விற்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். சூரிச்சில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், சொந்தக்காரர்கள் வாயை மூட எங்களுக்குத்தான் நேரம் போதவில்லை. சனி, ஞாயிறு வந்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். போட்டோ அனுப்புவாள். பனி, பாறை, நடுவில் சிரித்துக்கொண்டு அவள். "எங்களையும் கூட்டிட்டுப் போ கண்ணு" என்று விளையாட்டாகச் சொன்னதை அவள் நிஜமாக எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டுவிட்டாள்.

போவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே நடந்து பழகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு சேலம் தாண்டி கொண்டப்பநாயக்கன்பட்டி போவோம். அங்கே ஒரு கடையோரம் நிறுத்திவிட்டு ஏற்காட்டுச் சாலையில் ஏறுவோம். என் மனைவி ரப்பர் செருப்போடு நாலு வளைவு ஏறித் திரும்பி வருவாள். நான் முதல் வளைவிலேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பேன். "என்னுங்க, உக்காந்தே ஏறிட்டீங்களா?" என்று கேட்பாள். அவளுடைய கால் அப்படி. தோட்டத்தில் வளர்ந்த கால். ஆடி பதினெட்டுக்கும் கிருத்திகைக்கும் எங்களூர் மலைப் படிக்கட்டை எங்கும் நிற்காமல் ஏறுகிற கால்.

நாங்கள் போனதும் ஆடி மாதம்தான். அங்கே அது வெயில் காலமாம். எனக்கு மார்கழி மாதிரி இருந்தது.

முதல் மூன்று நாள் மகள் எங்களைச் சுலபமான வழிகளில் நடத்தினாள். ஏரியைச் சுற்றி ஒரு பாதை. சக்கர நாற்காலிக்காரர்கள்கூட எங்களோடு வந்தார்கள். காட்டுக்குள் ஒன்று, குழந்தைகளுக்காக வழியெல்லாம் மரத்தில் கரடியும் நரியும் செதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே பலகைகளில் தூரம் எழுதுவதில்லை, நேரம் எழுதுகிறார்கள். ஒரு மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்த இடத்துக்கு எனக்கு இரண்டரை மணி ஆனது. எண்பது வயதிருக்கும் ஒரு கிழவி, இரண்டு கையிலும் குச்சியை ஊன்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். போகிறபோது சிரித்து வணக்கம் வேறு சொன்னாள். என் மனைவி பதிலுக்குக் கும்பிட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னைக் கைக்குழந்தைகள், கிழவிகள் கணக்கில் சேர்த்துவிட்டார்களே என்கிற எரிச்சல்.

நாலாம் நாள் காலையில் மகள் என்னை உட்கார வைத்து ஒரு காகிதத்தில் படம் போட்டாள். என் மனைவி அடுப்படியில் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்கப்பா. மஞ்சள் போட்டிருந்தா யாரு வேணாலும் போலாம். வெள்ளை, சிவப்பு, வெள்ளைன்னு மூணு கோடு இருந்தா அது மலை ஏறிப் பழகுனவங்களுக்கு. கையூனி ஏற வேண்டி இருக்கும், ஒரு பக்கம் பள்ளமா இருக்கும். நடுவுல நீலம்னா நானே போகமாட்டேன். நமக்கு மஞ்சள் மட்டுந்தான். சரிங்களாப்பா?"

"சரி சாமி" என்றேன். மகளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கயிற்றில் தொங்கும் வண்டியில் மேலே போய் இறங்கினோம். அவளுக்கு ஆபீசிலிருந்து ஒரு மணி நேரம் ஏதோ மீட்டிங். அந்த நிலையத்து ஹோட்டலில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். எதிரே தட்டையாக ஒரு பாதை போனது. அதில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து ஒருவன் தள்ளிக்கொண்டு போனான். "அப்படியே அரை மணி நேரம் நடந்துட்டு இதே வழியில திரும்பி வாங்க" என்று அனுப்பி வைத்தாள். கிளம்பும்போது இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு கேக் வாங்கிக் கொடுத்தாள்.

கொஞ்ச தூரத்தில் வழி பிரிந்தது. ஒரு கம்பத்தில் இரண்டு மஞ்சள் பலகைகள். மேலே ஏறுகிற பக்கம் காட்டிய பலகையின் முனையில் மூன்று கோடு. அதன் கீழே ஒரு பாறையிலும் அதே மூன்று கோட்டைப் பட்டையாகத் தீட்டியிருந்தார்கள். வெயிலில் வெளுத்துச் சிவப்பு காவியாகியிருந்தது.

என் மனைவி நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இங்க பாருங்க. கோயல் பட்டை!"

எங்களூரில் கோயில் மதில், குளத்துப் படி, மலைப் படிக்கட்டு எல்லாவற்றிலும் அந்தப் பட்டைதான். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்த கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்? நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் ஒரு பெரிய மரச்சிலுவை நின்றது. அந்த ஊர் மலையுச்சிகளில் அப்படி நட்டு வைத்திருக்கிறார்கள்.

"நம்ம சாமி இல்ல போலருக்குது" என்றாள். "எந்தச் சாமியா இருந்தா என்னுங்க, மலை மேல இருக்குதில்ல. இத்தன தூரம் வந்துபோட்டு ஏறாம போனா நல்லாருக்காது." சொல்லிக்கொண்டே குனிந்து மகள் வாங்கிக் கொடுத்த ஷூவைக் கழற்றினாள். இரண்டையும் சேர்த்துக் கம்பத்தடியில் வைத்தாள். காலுறையைச் சுருட்டி உள்ளே திணித்தாள். பாறைப் பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வழிதானுங்களே?"

அது எங்கள் வழி இல்லை என்று எனக்குத் தெரியும். காகிதம் பையில் இருந்தது. ஆனால் கீழே மஞ்சள் வழியில் அந்தத் தள்ளுவண்டிக்காரன் திரும்பி வந்துகொண்டிருந்தான். அவன் போய்வந்த வழியில் போகிற ஆள் நான் இல்லை என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணமாக ஏதாவது இருக்குமா என்று நானும் எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன்.

"ஆமா, போ" என்றேன்.

அவள் முன்னால் போனாள், நான் நின்று நின்று ஏறினேன். இருபது நிமிடத்தில் பாதை ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்கியது. ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளப் பாறையில் சங்கிலி அடித்திருந்தார்கள். முந்தின நாள் மழை பெய்த ஈரம் காயவில்லை. வெறும் கால் அந்த ஈரத்தில் விறைத்திருக்கும், பிடிப்பு தெரிந்திருக்காது. அவள் ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "பாத்து வாங்க, இங்க வழுக்குது" என்று எனக்குச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் அங்கே இல்லை.

இரண்டு ஆள் ஆழம்தான். கீழே கல் மேல் ஒருக்களித்துக் கிடந்தாள். எனக்கு இறங்கத் தெரியவில்லை. மேலே நின்று கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. உச்சியிலிருந்து இறங்கி வந்த ஒரு ஆணும் பெண்ணும் போன் செய்தார்கள். பிறகு ஹெலிகாப்டர் வந்தது. அதற்கு முன்பே மகள் எங்களைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கம்பத்தடியில் கிடந்த ஷூவைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில், என் மனைவியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, மகள் என் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, கலர் பத்தி நான் சொன்னனுங்களே?"

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கே சந்தேகம் வந்து கேட்டாள். அவள் மூளை குழம்பிப் போயிருந்த அந்த நேரத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும்.

"எங்க சாமி சொன்னே? ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு, "சொல்லலாம்னு நெனச்சேன். சொல்லாம உட்டுட்டனாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். நான் பாத்ரூம் பக்கம் போனேன். அந்த ஊரில் காகிதத்துக்கு என்று தனியாகக் குப்பைத் தொட்டி இருக்கிறது. படத்தை நான்காகக் கிழித்து, தேடிப் பிடித்து, அதில் போட்டேன். ஒழுங்கில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

இடுப்பெலும்பும் தொடையெலும்பும் போயிருந்தன. அங்கே ஒரு ஆபரேஷன், ஊருக்கு வந்து சேலத்தில் ஒன்று. எலும்பு சரியாகக் கூடவில்லை, ஒரு கால் குட்டையாகிவிட்டது. கொஞ்ச நாள் வாக்கரைப் பிடித்து நடந்தாள். பிறகு அதுவும் முடியாமல் கட்டிலோடு கட்டிலானாள். பார்க்க வந்தவர்கள் முதலில் அழுதார்கள். ஆறு மாதம் போனதும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சீமைக்குப் போய் மலைக்கோயில் ஏறினவள் என்று பேர் வந்துவிட்டது. அவளும் கூடச் சிரிப்பாள்.

அவளாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். "அந்தக் கேக்குல முட்டை இருந்திருக்கோணும். முட்டையத் தின்னுபோட்டு மலை ஏறலாமா? சாமி கூப்டுச்சு, நாந்தான் சுத்தமில்லாம போயிட்டேன்." கேக் வாங்கிக் கொடுத்தது யார் என்று அவள் யோசிக்கவில்லை. போனில் கேட்டுக்கொண்டிருந்த மகள் யோசித்தாள்.

அதன்பிறகு மகள் மலைக்குப் போகவே இல்லை. போட்டோ வருவது நின்றது. பூட்ஸைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டு, "அப்பா, வேலைய உட்டுட்டு அங்கயே வந்தரலாம்னு இருக்கறேன். லெட்டர் குடுத்தரட்டுங்களா?" என்றாள்.

வேண்டாம், உன் தப்பு எதுவும் இல்லை என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் வீட்டில் சமையலுக்கு வந்த பெண் நின்றுபோயிருந்தாள். மனைவியைத் தூக்கி உட்கார வைக்க என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மகள் வந்தால் தேவலை என்று நான் ஆசைப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன்.

"உன்ர இஷ்டம் சாமி" என்றேன்.

வந்துவிட்டாள். காலையும் மாலையும் அம்மாவின் காலைப் பிடித்து நீட்டி மடக்குகிறாள். வலியில் என் மனைவி கத்தும்போதெல்லாம் மகள், "மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரும்மா" என்கிறாள். "நீ என்ன கண்ணு பண்ணுவே" என்று இவள் சொல்கிறாள். பக்கத்து அறையில் நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினேன்.

போன மாதம் என் அக்கா வந்திருந்தாள். வாயில் போட்டுக்கொண்ட வெற்றிலையோடு, தம்பி மகளிடம் பேசுகிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல், "கூட்டிட்டுப் போனவ கூடவே இருந்திருந்தா இது ஆயிருக்குமா?" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. என் மகளுக்குக் கோபமே வரவில்லை. காபி டம்ளரை அக்கா முன்னால் வைத்துவிட்டு, "ஆமாங்கத்தை. எந்த வழின்னு சொல்லிக்கூட அனுப்பல. எல்லாம் என்னாலதான்" என்றாள். மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பது மாதிரி, அத்தனை நிதானமாகச் சொன்னாள்.

அக்கா போன பிறகு கொல்லைப்புறம் போனேன். மகள் அம்மாவின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னே சாமி" என்றேன். "படம் போட்டே சொன்னே. மஞ்சள் மட்டுந்தான்னு சொன்னே. உங்கம்மா இந்த வழிதானான்னு எங்கிட்டக் கேட்டா. தெரிஞ்சேதான் போகச் சொன்னேன். காயிதத்தக் கிழிச்சுப் போட்டதும் நாந்தான்."

அவள் கை நின்றது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து அதை மூடினாள். அழுவாள், கத்துவாள், ஏன் என்றாவது கேட்பாள் என்று நின்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் அந்தத் தள்ளுவண்டியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

"அம்மாகிட்டச் சொல்லிராதீங்க" என்றாள். "சாமி கூப்டுச்சுன்னு நம்பிட்டிருக்குது. அது ஒண்ணாச்சும் அதுக்கு இருக்கட்டும்."

மறுபடி உட்கார்ந்து மிச்சத் துணியை அலசினாள்.

நான் சொன்னதால் அவள் பழைய வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. இங்கேயே இருக்கிறாள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். என் மாத்திரையை நேரத்துக்கு எடுத்து வைக்கிறாள், சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கிறாள். எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் கதவோரம் நின்று, "சோறு எடுத்து வெச்சிருக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். வீட்டில் எழுந்து நடக்கிற இன்னொரு ஆள் நான் ஒருவன்தான் என்பதால், என்னைத்தான் சொல்கிறாள் என்று எழுந்து போகிறேன்.