வெட்டாது என்று எழுதிய அரிவாள்

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ரெவின்யூ ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆயுத லைசென்ஸ் செக்‌ஷன் என் கைக்கு வந்தது. துப்பாக்கி மனுக்களோடு பெரிய மனிதர்கள் என் மேஜை முன்னால் நின்றதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்த சமயம் அது.

மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த கருப்பையா ஒரு மனு கொடுத்தார். விஷக்காய்ச்சலில் கிடந்த மகள் பிழைத்ததற்காக, தோட்டத்துக் கருப்பர் கோயிலுக்கு நான்கடி அரிவாள் நேர்ந்திருந்தார். லீவில் ஊருக்கு வந்தவர் அதை இலுப்பூர் ஆசாரியிடம் அடிக்கக் கொடுத்திருந்தார். ஆயுதம் கப்பலேற மேலிடத்து லைசென்ஸ் வேண்டும், வர மாதக்கணக்காகும். கூர் இல்லாத கோயில் பொருள் என்று நாங்கள் சர்டிபிகேட் கொடுத்தால் துறைமுகத்தில் விட்டுவிடுவார்கள். நான் பட்டறைக்கே போய்த் தடவிப் பார்த்தேன். சுத்த மொட்டை. ‘இது வெட்டாது’ என்று ரிப்போர்ட் எழுதினேன்.

கப்பலுக்கு முதல் நாள் காலை கருப்பையாவும் ஆசாரியும் அரிவாளைச் சிவப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மதிய ரயிலைப் பிடித்தால்தான் நாகப்பட்டினத்தில் கப்பல். பேனாவைத் திறந்த ஆர்.டி.ஓ., சும்மா ஒரு சோதனைக்கு, அரிவாளை என் ரிப்போர்ட் மேல் வைத்து இழுத்தார். காகிதம் இரண்டாகப் பிரிந்தது.

“என்னய்யா, வெட்டாதுன்னு எழுதுன காயிதத்தையே வெட்டுது?”

நான் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஆசாரிக்கோ பெருமை தாங்கவில்லை. “இவுக பாத்துட்டுப் போனப்பறம் ரெண்டு நாளு சாணை புடிச்சேங்க. சாமிக்குப் போறத மொட்டையாவா குடுப்பாக?”

கருப்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயா, வெறுங்கையோட போயி எம்மகள அந்தக் கோயில் வாசல்ல எப்புடிங்க நிறுத்துவேன்?”

“கூரோட போகாதுப்பா. கூரை எடுத்துட்டு வாங்க, கையெழுத்துப் போடுறேன்” என்றார் ஆர்.டி.ஓ.

“வச்ச கையால எடுக்க மாட்டேங்க.” ஆசாரி அசைவதாக இல்லை.

எழுதின பாவம் என்னுடையது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறக் கருங்கல் படிக்குப் போய்த் தேய்த்தேன். அந்தச் சத்தத்தை ஆசாரியால் பத்து இழுப்புக்கு மேல் கேட்க முடியவில்லை. “கொண்டாங்க இங்கிட்டு! இரும்பக் கொல்லுறீங்களே!” என்று பிடுங்கி, தானே பக்குவமாக மழுக்கினார்.

இந்த முறை காகிதம் கசங்கியதே தவிர கிழியவில்லை. கையெழுத்து விழுந்தது.

கிளம்பும்போது ஆசாரி, ஆர்.டி.ஓ. கண் முன்னாலேயே மடியிலிருந்து ஒரு தீட்டுக்கல்லை எடுத்துக் கருப்பையாவிடம் நீட்டினார். “அங்கிட்டுப் போயி நீங்களே தீட்டிக்கங்க.”

ஆர்.டி.ஓ. என்னைப் பார்த்தார். “கல்லுக்கு லைசென்ஸ் உண்டாய்யா?”

சட்டப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினேன். “இல்லைங்க ஐயா.”

“அப்ப ரயிலுக்கு நேரமாச்சு, போகச் சொல்லு.”

இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை எந்த ரிப்போர்ட்டிலும் ‘வெட்டாது’ என்று நான் எழுதியதில்லை. ‘நான் பார்த்தபோது வெட்டவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் தேதியும் மணியும் போட்டுவிடுவேன்.