நீட்டிய இடக்கை

சாரணர் உடுப்பில் வந்த கொள்ளுப்பேரன் கைகுலுக்க இடக்கையை நீட்டினான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

என் பதின்மூன்றாம் வயதில், பல தேசத்துப் பையன்கள் கூடும் முகாமுக்கு என்னை அனுப்பும்படி கேட்க, வெள்ளைக்காரச் சாரணர் தலைவர் ஒருவர் எங்கள் நாமக்கல் வீட்டுக்கு வந்தார். சாரணர் வழக்கப்படி அவர் அப்பாவிடம் இடக்கையை நீட்டியதும், களத்தில் கடலை காயவைத்த ஆட்கள்கூட உறைந்துபோனார்கள். எங்களூரில் பிச்சைகூட அந்தக் கையால் போடமாட்டார்கள்.

"ஏனுங்க, சோத்தாங்கையில அடிபட்டிருச்சுங்களா?" என்று அப்பா பதறினார்.

சாரணனான நான் அந்த வழக்கத்தை விளக்க வாயெடுப்பதற்குள், அப்பா துரையின் வலக்கையைப் பிடித்து விளக்கெண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். மிரண்டுபோன துரை கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதற்காகவே அப்பா என்னை அனுப்பினார்.

"ஏனுங்க தாத்தா, எடது கையில அடிபட்டிருச்சுங்களா?" என்று கொள்ளுப்பேரன் கேட்டான். குனிந்து பார்த்தேன். நான் நீட்டியிருந்தது வலக்கை.