பயமில்லை சார் கட்டிய வீடு

அணுமின் நிலையத்துப் பார்வையாளர் கூடத்தில் விளக்கம் சொல்லும் வேலை அவருக்கு. வாய்தான் மூலதனம். உலைக்குக் கிட்டே போனது ஒரே தடவை. அன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியில் திரும்பிவிட்டாராம். ஆனால் கூடத்தின் நடுவே நிற்கும் கழிவுப் பீப்பாயின் மாதிரியை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் போதும், கட்டிப்பிடித்துக் கன்னத்தை அதன்மேல் வைத்து, "இதைக் கட்டில் பக்கத்துல வெச்சுக்கிட்டு நிம்மதியா தூங்குவேன். பயமில்லை" என்பார். ஊர் அவருக்கு வைத்த பேரே 'பயமில்லை சார்'. அந்தப் பீப்பாய்க்குள் இருந்தது வெறும் தெர்மகோல்தான் என்பது வேறு கதை.

ஊருக்குத்தானே உபதேசம்? சொந்த வீட்டுக்கு மனை பார்த்தபோது மனிதர் வானிலை நிலையத்து நண்பரிடம் போய், காற்று எந்தப் பக்கம் வீசும் என்று விசாரித்தார். அணுமின் நிலையத்துக் காற்று எட்டாத ஊர் மறுகோடியில் மாடி வீடு எழும்பியது. அதே சமயத்தில் தங்கை, "நிலையத்து மதில் ஓரமா ஒரு மனை வருதுண்ணே, வாங்கலாமா?" என்று கேட்டாள். "தாராளமா வாங்கு, பயமில்லை" என்றார். நல்ல அண்ணன்!

இப்போது நிலாவில் மனிதன் குடியேறப் போகிறானாம். அங்கே ஒரு ராத்திரி நம் கணக்கில் இரண்டு வாரம். சூரியத் தகடு என்ன செய்யும், பாவம்? அதனால் ராக்கெட்டில் ஏற்றி அனுப்ப ஒரு குட்டி அணு உலை. அனுப்புமுன் இங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரிய நிலையத்திலிருந்து தள்ளி, காலி இடமாகத் தேடினார்கள் மேதைகள். கிடைத்துவிட்டது. சார் வீட்டுப் பின்சுவரை ஒட்டி.

சார் பின்பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினார். மனைவி நிதானமாகக் கேட்டாள்: "கட்டிலைப் பின்பக்கத்து ஜன்னல் ஓரமா நகர்த்திப் போடவா?"

"உனக்கு எல்லாம் விளையாட்டு. கருத்துக் கேக்குற கூட்டத்துல எழுந்து வேண்டாம்னு சொல்லப் போறேன், பாரு."

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நிலைய மேலாளர் பீப்பாயையும் மேடையேற்றியிருந்தார். "நம்ம சாரே பேசுவார்" என்று மைக்கை நீட்டினார்.

சார் மைக்கை வாங்கினார். "அது வந்து... இடத்தைக் கொஞ்சம் யோசிச்சு எடுக்கலாம். வீடுங்க இருக்கு. குட்டி உலைன்னாலும் உலைதானே."

கூட்டத்தின் நடுவிலிருந்து தங்கை எழுந்தாள்.

"குட்டி உலைக்கே யோசிக்கணுமாண்ணே? பெரிய உலை பக்கத்துல நான் பிள்ளைகளோட இருக்கேனே. சரி, உங்களுக்குப் பயமா இருந்தா வீட்டை மாத்திக்கலாம். நீங்க மதில் ஓரமா வந்துடுங்க, நான் உங்க வீட்டுக்குப் போறேன்."

யாரோ சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. சார் வேண்டாம் என்று நின்றால், தங்கையை எங்கே குடிவைத்தோம் என்று ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும். தலையாட்டினால் உலை வீட்டுக்கே வந்துவிடும். பாவி மனிதர், இரண்டில் எதையும் தைரியமாகச் செய்யவில்லை. கை தானாகப் பீப்பாயைத் தேடிப் போனது. கட்டிப்பிடித்தார். கன்னத்தை வைத்தார். "பயமில்லை" என்றார். குரல் நடுங்கியது ஒலிபெருக்கியில் நன்றாகவே கேட்டது.

மேலாளர் கைதட்டினார், கூட்டமும் தட்டியது. திட்டம் தேறிவிட்டது.

வாசலில் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு நீங்க விசாரிச்சதை அண்ணி போன வாரம் சொன்னாங்க" என்றாள், நிமிராமலே. "இன்னைக்காவது அதை நீங்களா சொல்வீங்கன்னுதான் எழுந்து நின்னேன்."