புள்ளி இங்கேதான் இருக்கிறது

எந்தப் பெண் வந்து போனை நீட்டினாலும், அதற்கு என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன் செல்போன் அக்கா கேட்பது ஒன்றுதான்: “இதோட பாஸ்வேர்டு உன்னத் தவிர யாருக்குத் தெரியும்?” கேட்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். பதில் முகத்தில் இருக்கும்; அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

சந்து முனையில், மாடிப்படிக்கு அடியில் ஒண்டிக்கொண்ட கடை. ஒரு ஸ்டூல், மேசை விளக்கு, காந்தத் தட்டில் கடுகு கடுகாய்த் திருகாணிகள். ஆண்களும் வருவார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

“வீட்டம்மா போன்ல ஒரு ஆப் போடணும். எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும். பாதுகாப்புக்குத்தான்.”

“தாராளமா. உங்க போன்லயும் போட்டு அவங்க கையில குடுத்துடலாமா சார்?”

பாதுகாப்பு அதோடு எழுந்து போய்விடும். அக்கறை, குடும்ப மானம் என்று என்ன பெயர் வைத்தாலும் சிறை சிறைதான் என்பது அக்காவின் கட்சி.

இன்று காலை வந்தவள் ஸ்டூலில் பாதிதான் உட்கார்ந்தாள். “எங்க போனாலும் வீட்டுக்காரரு கண்டுபிடிச்சுடறாருக்கா. யாராவது குறி சொல்றாங்களோ என்னமோ.”

“குறியும் இல்ல, மாயமும் இல்ல. நீ இருக்கற எடம் தன் போன் மேப்புல ஒரு புள்ளியாத் தெரியற மாதிரி உன் லொகேஷன ஆன் பண்ணி வெச்சிருக்காரு.”

“அத எடுத்துடுங்கக்கா. ஆஸ்பத்திரியில அம்மாவப் பாக்கணும். போகக்கூடாதுன்னுட்டாரு. தெரிஞ்சா கொன்னுடுவாரு.”

“எடுத்தா ஒடனே தெரிஞ்சிடும். புள்ளி இங்கயே இருக்கட்டும்.” அக்கா போனை வாங்கி மேசையில் வைத்தார். “இது போன் இருக்கற எடத்தத்தான் காட்டும், நீ இருக்கற எடத்தையா காட்டும்? சார்ஜ் நிக்கலன்னு ரிப்பேருக்குக் குடுத்துட்டு இங்கயே ஒக்காந்திருக்க; அவருகிட்ட இப்பவே அப்படிச் சொல்லிடு. என் பட்டன் போன எடுத்துட்டுப் போ.”

குறையே இல்லாத போன்கள் இப்படி ரிப்பேருக்கு வந்து கிடப்பது அந்தக் கடையில் வழக்கம்தான்.

மதியம் அந்தப் போன் அலறியது. “இன்னுமா முடியல? அவகிட்ட குடு.”

“ஸ்பேர் வாங்கக் கடைத்தெருவுக்கு அனுப்பியிருக்கேன் சார்.”

“இரு, நானே வரேன்.”

அக்கா தன் இன்னொரு போனை எடுத்து அவளை அழைத்தார். “கெளம்பும்மா. அவரு வராரு.”

“இப்பத்தான்க்கா அம்மா கண்ணத் தொறந்தாங்க. கைய விடமாட்டேங்கறாங்க.”

அக்கா கண்களைத் தேய்த்துக்கொண்டார். சாப்பாட்டு டப்பா இன்னும் திறக்கப்படாமல் கிடந்தது.

“சரி, இரு. வந்து ஒக்காந்திருக்கட்டும்.”

ஸ்டூலை வாசல் பக்கம் காலால் தள்ளிவிட்டு, விளக்கை அருகில் இழுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தப் போனின் முதுகை ஒவ்வொரு திருகாணியாகக் கழற்ற ஆரம்பித்தார்.