அண்ணி அளந்த பணிவு

எங்கள் வீட்டில் பணிவானவர் யார் என்று கேட்டால் ஒருவரும் என்னைக் கைகாட்ட மாட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதினெட்டு வருடமாக வங்கி கவுண்டரில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்க்கிறவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் டாக்டரிடம் போக வேண்டும். ஆனாலும் போன வருடம் நான்கு நாட்கள், நான் பணிவானவள் என்று விஞ்ஞானமே சாட்சி சொன்னது. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் என் அண்ணி. பிடுங்கியவரும் அவர்தான்.

அண்ணி பதினான்கு வருடம் மழலையர் பள்ளி டீச்சர். எந்தப் பிள்ளை அடுத்து அழப்போகிறது என்று அதன் கண் போகிற போக்கை வைத்தே சொல்லிவிடுவாராம். அது எப்படி என்று அவருக்கே தெரிந்தாக வேண்டும் என்று நாற்பத்தோரு வயதில் உளவியல் ஆராய்ச்சிக்குக் கிளம்பினார். அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. அவன் கரப்பான்பூச்சிக்கே வழிவிட்டு ஒதுங்கி நிற்பவன்.

பல்கலைக்கழகத்தில் அவருடைய துறையில் இருந்தது ஒரே ஒரு கண் தொடரும் கருவி, அதுவும் பழசு. திரைக்குக் கீழே ஒரு சின்னக் கேமரா. படம் பார்க்கிறவரின் கண்மணி எங்கே போகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அது குறித்துக்கொண்டே இருக்கும். அதைத் தொடுவதற்கு அண்ணி இரண்டு வருடம் காத்திருந்தார், கேள்வித்தாள் கொடுத்து வாங்கிக்கொண்டு. கருவி கைக்கு வந்தபோது அவருக்கு வழிகாட்டியான பேராசிரியர் ஒரு மாதம் கெடு வைத்தார். அதற்குள் உருப்படியாக ஏதாவது காட்டாவிட்டால் கருவி அடுத்தவருக்குப் போய்விடும், அண்ணி பழையபடி கேள்வித்தாளுக்கு.

அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கற்றார். திரையில் ஒன்பது புள்ளிகள் ஒவ்வொன்றாக வரும். எதிரே இருப்பவர் அவற்றைப் பார்க்கப் பார்க்க, கருவி அந்தக் கண்ணைப் பழகிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடி மினுங்கினாலும் தும்மல் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து. முதல் வாரம் அது அண்ணனின் மூக்குத் துவாரத்தைக் கண்மணி என்று நம்பி அரைமணி நேரம் அதையே தொடர்ந்தது. அண்ணனும் அசையாமல் உட்கார்ந்து ஒத்துழைத்தான்.

தலை ஆடாமலிருக்க, தாடையை வைத்துக்கொள்ளும் தாங்கி ஒன்று மேசையில் திருகியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் கழுத்து வலிக்கிறது என்று முனகினார்கள். டீச்சர் மனசு கேட்குமா? அண்ணி அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மூலையில் கிடந்த மெத்தென்ற சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டார். தாங்கியைக் கழற்றவே கூடாது என்று பேராசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

நானும் அண்ணனும் உட்படப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, ஆளுக்கு இருபது நிமிடம் முகப் படங்களாகக் காட்டினார். முடிவு விசித்திரமாக வந்தது. சிலருடைய பார்வை படத்திலிருந்தவர்களின் கண்ணில் தொடங்கி, போகப்போக மூக்கு, தாடை, கடைசியில் சட்டைப் பொத்தான் என்று இறங்கியது. சிலருக்கு இறங்கவே இல்லை. பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்தவர் முகத்துக்கு முன்னால் மனிதனின் பணிவு மெல்ல வெளிப்படுகிறது என்றார். கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை துறை முழுவதற்கும் அண்ணி விளக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணி பட்டியலை வாசித்தார். பணிவில் முதலிடம் எனக்கு. கடைசி இடம் அண்ணனுக்கு. அவன் சிரித்த சிரிப்பில் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

"முதல்ல அந்த மெஷினை ரிப்பேருக்குக் குடும்மா" என்றாள் என் அம்மா, அண்ணியிடம்.

பணிவானவர்களை யாரும் மதிப்பதில்லை என்று சொல்லித் தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்தேன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் அறைக்கு வந்தார்.

"கோவிச்சுக்காதே. உன் எடை என்ன?"

கோபித்துக்கொண்டேன். அதை அந்த நாற்காலியிடம் போய்க் கேளுங்கள், உட்காரும்போது ஒழுங்காக இருந்தது, எழுந்திருக்கும்போது முழங்கால் மூக்கை இடித்தது என்று பொரிந்து தள்ளினேன். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த பட்டியலை நீட்டினார். முதலில் நான், அடுத்து கேன்டீன்காரர், அடுத்து வாட்ச்மேன். கடைசியில் ஒல்லிப்பிச்சான் மாணவர்கள், அவர்களுக்கும் கீழே ஊதினால் பறக்கும் என் அண்ணன்.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தலை உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டார். இருபது நிமிடத்தில் நாற்காலியோடு நான் நாலு விரற்கடை இறங்கியிருந்தேன். உட்கார்ந்தவளுக்கே தெரியவில்லை. ஆள் இறங்கினால் கண்ணும் இறங்கும், பார்வைதான் இறங்கியது என்று கருவி எழுதிவைக்கும். கனத்த ஆள் என்றால் கூடுதலாக இறங்கும்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் தெரியாது, பேசாமல் இருந்துவிடுங்கள் என்றேன். பட்டம் போய்விடுமே என்ற கவலையும் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

"தாங்கியைக் கழட்டினது நான். இத மறைச்சா கெடுவுக்குத் தப்பிச்சிடலாம், கருவியும் என்கிட்டயே இருக்கும். ஆனா அப்புறம் அதுல வர்ற எதையும் நான் நம்ப முடியாதே."

கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். பேராசிரியர் நல்ல ஆகிருதி. அண்ணி அந்த நாற்காலியை வெள்ளைப் பலகைக்கு முன்னால் போட்டு அவரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும், தலைக்கு மேலே பலகையில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அவர் கவனிக்கவில்லை. முன்னுரை என்றால் அவருக்கு இருபது நிமிடம். மனிதனின் பணிவைப் பற்றிப் பேசப் பேச அவர் இறங்கிக்கொண்டே போனார். முன்வரிசை மாணவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்கள்.

அண்ணி எழுந்தார்.

"சார், தயவுசெஞ்சு திரும்பிப் பாருங்க. நீங்க பேச ஆரம்பிச்சப்போ உங்க தலை அந்தக் கோட்டுல இருந்துச்சு. இருபது நிமிஷத்துல உங்க பணிவு நாலு விரற்கடை கூடியிருக்கு. தாங்கியைக் கழட்டினது நான்தான். பன்னெண்டு பேர் பதிவும் தப்பு."

அவர் திரும்பிக் கோட்டைப் பார்த்தார். குனிந்து நாற்காலியைப் பார்த்தார். கை ஊன்றி எழுந்திருக்கவே அவருக்குச் சிரமமாயிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அண்ணியை நினைத்து அவ்வளவு பெருமையாகவும் இருந்தது, அவ்வளவு பயமாகவும் இருந்தது. கட்டுரைத் தலைப்பு எழுதிய தாளைப் பேராசிரியர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"தாங்கியை மாட்டுங்க" என்றார். "முதல் ஆளா நான் உட்கார்றேன்."

கருவி அண்ணியிடமே இருந்தது. மரநாற்காலி போட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, எங்கள் எல்லோரையும் மறுபடி பதிவு செய்தார். இருபது நிமிடமும் நான் படத்திலிருந்த ஒவ்வொருவரின் கண்ணையும் நேராக முறைத்திருக்கிறேன், ஒரு நூல்கூட இறங்காமல். அண்ணன் இரண்டாவது முகத்திலேயே படத்தின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டான்.

அம்மா எங்கள் இருவரின் பதிவுத் தாளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இப்பத்தான் மெஷின் சரியாயிருக்கு" என்றாள்.